குரல் இல்லாமல் கிடந்த பாட்டுகள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை வரி விடாமல் படித்து எனக்கும் சொல்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. வீட்டுச் செய்தி அவ்வளவுதான், நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

அமெரிக்க பங்க் ராக் குழு டிசென்டன்ட்ஸை நீ மறந்திருக்க மாட்டாய். விடுதியில் நாம் மூன்று பேரும் ஒரே கேசட்டைத் தேயத் தேயக் கேட்டோமே, அவர்கள்தான். 2021 ஜூலையில் 'நைன்த் அண்ட் வால்நட்' என்று ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார்கள். எனக்குப் போன மாதம்தான் கண்ணில் பட்டது. 18 பாட்டு, மொத்தமே 25 நிமிடம் போல. ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, அது உருவான கதையைத் தேடிப் படித்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பாட்டெல்லாம், வேறொரு குழுவின் பழைய பாட்டு ஒன்றைத் தவிர, 1977க்கும் 1980க்கும் இடையில் எழுதியவை. கலிஃபோர்னியாவில் லாங் பீச் ஊரில் அந்தப் பெயருள்ள இரண்டு தெருக்கள் சேரும் முனையில்தான் ஒத்திகை பார்ப்பார்களாம். கிதார் ஃபிராங்க் நவெட்டா, பேஸ் டோனி லம்பார்டோ, டிரம்ஸ் பில் ஸ்டீவன்சன். பில் அப்போது பள்ளிக்கூடப் பையன், டோனிக்கோ முப்பது தாண்டிவிட்டது. நம் மைலோ ஆக்கர்மன் பாட வந்தது 1980இல். அதற்குள் அடுத்தடுத்துப் புதுப் பாட்டுகள் வந்துவிட்டதால், இந்தப் பழையவற்றில் பெரும்பாலானவை அப்படியே தங்கிவிட்டன.

ஃபிராங்க் விஷயம் உனக்குத் தெரியுமா? இசைக் குழுவை விட்டபோது கருவிகளையெல்லாம் எரித்துவிட்டு, மீன் பிடித்துப் பிழைக்க ஓரிகன் மாநிலத்துப் பக்கம் போய்விட்டார். அப்படிப்பட்ட மனிதர் 2002இல் மறுபடி கிதாரைத் தொட்டிருக்கிறார். பழைய மூவரும் கூடி, அந்தப் பாட்டுகளை வாசித்துப் பதிவு செய்தார்கள். குரல் மட்டும் பாக்கி. 2008இல் ஃபிராங்க் இறந்துபோனார். பதிவு அப்படியே கிடந்தது.

2020இல் கொரோனா வந்து கச்சேரிகள் எல்லாம் நின்றன. அந்த ஊரடங்கில்தான் மைலோ உட்கார்ந்து பாடி முடித்தார். நடுவில் 18 வருஷம் போய்விட்டது, மாப்ளே! இவர் முனைவர் பட்டம் வாங்கியவர், செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்து பல வருஷம் வேலை பார்த்தவர். தான் குழுவில் சேருவதற்கு முன்பே நண்பர்கள் எழுதிய பாட்டுகளை 57 வயதில் பாடுகிறார். முதல் இரண்டு பாட்டுகளில் அந்த வயது எனக்குக் காதில் இடித்தது. சின்னப் பையன்களின் கோபத்துக்கு இது பொருந்துமா என்று நினைத்தேன். அப்புறம் ஃபிராங்கின் கிதார்தான் காதில் நின்றது. அவசர அவசரமாக, முந்திக்கொண்டு ஓடுகிற கை. மைலோ அதை மிஞ்சப் பார்க்கவில்லை, கூடவே ஓடுகிறார். பெருந்தொற்றுக் காலத்தில் வந்த எத்தனையோ ஆல்பங்களில் தனிமையைப் பற்றிப் பாடினார்கள். இதில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வர வழியில்லை, எல்லாம் 40 வருஷம் முந்திய வரிகள். ஆனாலும் என்னை உலுக்கியது இதுதான். இறந்த நண்பன் வாசித்து வைத்துவிட்டுப் போனதற்கு, வீட்டில் அடைந்து கிடந்த நாளில் குரல் கொடுத்திருக்கிறார்.

நம் மூன்றாவது ஆளை நினைக்காமல் எப்படி இருக்க முடியும்? இரண்டாம் அலையில் அவன் போனபோது நாம் இரண்டு பேரும் போகக்கூட முடியவில்லை. போனில் பேசவும் வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து நாம் அவனைப் பற்றிப் பேசுவதையே தவிர்க்கிறோம், நீயும் கவனித்திருப்பாய். எனக்கு இனிமேல் அது வேண்டாம்.

கடைசி வருஷம், பரீட்சை லீவில், அறை எண் 14இல் நாம் ஒரு கேசட்டில் பதிவு செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவன் பக்கெட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டான், நீ கிதார். நான் பாட வேண்டிய இடத்தில் கரெண்ட் போய்விட்டது. நாளைக்குப் பாடலாம் என்று படுத்தோம், மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். வரிகள் என் நோட்டில் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கேசட் உன் பெட்டியில்தான் போனது. ஊர் வீட்டுப் பரணில் தேடிப் பார். கிடைத்தால் பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்க்காதே, நாடா ஒட்டியிருந்தால் அறுந்துவிடும். பஞ்சு வைத்து டப்பாவில் கட்டி அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்