அந்த ஜிப் கவருக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றோடு ஒன்பது இரவுகள். ஒன்பதிலும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியிருக்கிறேன். போன தை மாதத்திலிருந்து இந்த ஆவணி வரை தூக்கமில்லாமல் நான் எப்படி இருந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. எழுதினால் அம்மா படிப்பார், மறுபடி அழுவார். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய உதவிகள் நிறையக் கிடைத்தன. ஆனால் நன்றி என்று நினைத்ததும் என் கண் முன்னால் முதலில் வருவது ஒரு சின்ன ஜிப் கவர்தான். நகைக்கடையில் கம்மல் போட்டுத் தருவார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரியது.

முதல் முறை நான் ஸ்லீப் ஸ்டடிக்கு, அதாவது உடம்பில் ஒயர்கள் ஒட்டி இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்யும் சோதனைக்கு, போனது வேறொரு ஆஸ்பத்திரிக்கு. இரவு ஒன்றரை மணிக்கு ஒயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. நான் ஒத்துழைக்கத்தான் போனேன். சொன்னபடி அன்றைக்குக் காபி, டீ தொடவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, பகலில் கண் அயரவில்லை. ஆனால் பின்னாலிருந்து, சொல்லாமல், உச்சந்தலையில் ஒரு விரல் பட்டால் அதற்கப்புறம் என் உடம்பு என் பேச்சைக் கேட்காது. மெல்லத் தொட்டால் எனக்கு எரியும். அழுத்தித் தொட்டால் ஒன்றும் செய்யாது. எனக்கு ஆட்டிசம். அது உள்ள பலருக்கு இப்படித்தான். இதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து கோயம்புத்தூரில் இப்போது பார்க்கும் டாக்டர், இன்னொரு முறை செய்துதான் ஆக வேண்டும் என்றார். தேதி வாங்க மட்டும் லேப் இருக்கும் மாடிக்குப் போனோம். அங்கே டெக்னீஷியன் அக்கா என் பழைய தாளை வாங்கிப் பார்த்தார். அந்த வரியையும் படித்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அன்னிக்கு எது மொதல்ல தாங்க முடியாமப் போச்சு அம்மிணி?” என்று மட்டும் கேட்டார்.

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எனக்கு 29 வயது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஒயர் ஒட்டுவதற்கு முன்னால் தோலில் போட்டுத் தேய்த்தார்களே, மணல் மாதிரி நறநறவென்று, அதுதான் என்றேன். சரி என்று உள்ளே போனவர் பத்து நிமிடம் வரவில்லை. கோபித்துக்கொண்டார் போல என்று அம்மா எழுந்தே விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் அந்த ஜிப் கவர். உள்ளே, வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஒயர் இரண்டு, நுனியில் பொட்டு அளவுக்குக் கிண்ணம் மாதிரி வளைந்த தகடு. மூடி போட்ட சின்ன டப்பாவில் அந்த நறநற ஜெல், இன்னொன்றில் வெள்ளைப் பேஸ்ட். பிளாஸ்டர் கொஞ்சம். பிரிக்காத பாக்கெட்டில் மூக்குக் குழாய். நெஞ்சில் கட்டும் பெல்ட், பழையது, துவைத்து மடித்தது. “வீட்டுக்குக் கொண்டு போங்க. தெனமும் ஒரு நிமிஷம். புடிக்கலைன்னா அரை நிமிஷம். பெல்ட்டை மட்டும் மறுபடி வரப்போ திருப்பிக் குடுத்துருங்க” என்றார்.

அதோடு ஒரு தாள். ரிப்போர்ட்டுக்குப் பயன்படுத்தும் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். அன்றைய இரவு எது முதலில், எது அடுத்து, எங்கே ஒட்டும், எப்படி இருக்கும், எல்லாம் வரிசையாக. டேப் வைத்துத் தலையை அளப்பேன், கலர் பென்சிலால் புள்ளி வைப்பேன், வலிக்காது. கால் இரண்டிலும் ஒட்டுவது முதலில், அது சுலபம். பிறகு நெஞ்சு. பிறகு தாடை. கண் ஓரத்தில் இரண்டு, சில்லென்று இருக்கும். தலை. பெல்ட் இரண்டு. விரலில் மாட்டும் கிளிப்பில் சிவப்பு வெளிச்சம் வரும், அதன் மேல் துணி சுற்றித் தருகிறேன். மூக்குக் குழாய் கடைசி, ஏனென்றால் அதுதான் எல்லோருக்கும் பிடிக்காது. மொத்தம் 22 வரி.

கடைசி வரியில் இப்படி இருந்தது: ‘படுத்த பிறகு ஸ்பீக்கரில் என் குரல் வரும். கண்ணை மூடு, திற, இடது பார், வலது பார், பல்லைக் கடி, கால் விரலை ஆட்டு என்பேன். மெஷின் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க. பேசும் முன் மைக்கை ஒரு தடவை தட்டுகிறேன்.’

முதல் ஆஸ்பத்திரியில் இருட்டில் திடீரென்று தலைக்கு மேலிருந்து வந்த அந்தக் குரல்தான் என்னை உடைத்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. அவராகவே யோசித்திருக்கிறார்.

வீட்டில் பதினோரு இரவுகள் பழகினேன். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அம்மா கை துடைத்துக்கொண்டு வருவார். நான் ஊஞ்சலில் உட்காருவேன். முதல் நாள் ஜெல் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினோம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் என் கையால் நானே முழங்கையில் தேய்த்தேன். ஐந்தாம் நாள் அம்மா கட்டைவிரலால் அழுத்தி என் காதுக்குப் பின்னால் தேய்த்தார். நெற்றியில் விபூதி வைப்பாரே, அதே அழுத்தம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த அழுத்தம் பிடிக்கும். பேஸ்ட்டை வைத்துத் தகட்டை ஒட்டி, “போதுமா? எடுத்தரட்டுமா?” என்றார். இருக்கட்டும் என்றேன். பத்தாம் நாள் மூக்குக் குழாயோடு சீரியல் ஒரு எபிசோடு பார்த்தேன். எனக்கும் அம்மாவுக்கும் எத்தனையோ வருடமாக இரவு என்றாலே சண்டைதான். ஏன் தூங்க மாட்டேன்கிறாய், அந்த போனை வை, எதையும் யோசிக்காதே என்று. அந்தப் பதினோரு இரவும் நாங்கள் சண்டை போடவில்லை. இதை அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடலையே எழுத ஆரம்பித்தேன்.

புரட்டாசியில் அந்த இரவு வந்தது. வரிசை ஓர் இடத்தில்கூட மாறவில்லை. தாள் என் மடியில், பென்சில் என் கையில். ஒவ்வொன்று முடிந்ததும் நானே டிக் அடித்தேன். பதினான்காவது வரியில் எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா கையை எடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக் காத்திருந்தார். கடிகாரம் பார்க்கவில்லை. அன்றைக்கு இன்னொரு அறையிலும் ஆள் இருந்தார், அவருக்கு அது இரட்டை வேலை. விளக்கை அணைத்த பிறகு, ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அப்புறம்தான் குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண் ஓரத்துப் பேஸ்ட் நனைந்து, அவர் மறுபடி வந்து ஒட்ட வேண்டியதாயிற்று. அதற்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன் அக்கா.

நன்றாகத் தூங்க வேண்டியதில்லை, புது இடத்தில் முதல் இரவு யாருக்குமே தூக்கம் சரியாக வராது, கிடைப்பது போதும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாலரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பதிவை மெஷின் தானாகப் படித்துத் தருவதோடு விடுவதில்லை. முப்பது முப்பது விநாடியாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமாக ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். இது லேசான தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று பக்கத்துக்குப் பக்கம் குறிக்கிறார். எட்டு மணி நேரப் பதிவு என்றால் 960 பக்கம். என் ஓர் இரவை ஒருவர் 960 பக்கமாகப் படித்திருக்கிறார். திமிர், சோம்பல், போன் பைத்தியம் என்று என் இரவுக்குப் பேர் வைத்தவர்கள் யாரும் அதில் ஒரு பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை.

பார்த்தவர் கண்ணில் பட்டது என் கால். தூக்கத்தில் மணிக்கு 34 தடவை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 15க்கு மேல் போனால் கவனிக்க வேண்டுமாம். மூச்சில் பிரச்சினை இல்லை. ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்புச்சத்து, 11 மட்டுமே. மூளை டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்க இரும்பு வேண்டும், அது குறைந்தால் கால் இப்படி அமைதியில்லாமல் இருக்கும் என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாற்றோடு. அதற்கு முன்னும் பின்னும் டீ கூடாது. கூடவே தூக்கத்துக்கான மெலடோனின், மிகச் சிறிய அளவு, அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில். (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். என் கணக்கு எனக்கு மட்டும்தான்.) மூன்று மாதத்தில் இந்த ஒன்பது இரவுகள் வந்திருக்கின்றன.

டாக்டருக்கு நன்றி. ‘ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி அனுப்பாமல் தேடிப் பார்த்ததற்கு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 50 முதல் 80 சதவீதம் பேருக்குத் தூக்கச் சிக்கல் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அது சகஜம் என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் தேடுவதில்லை. எனக்கு 29 வருடம் தேடவில்லை.

எங்கள் ஜவுளிக் கடை முதலாளிக்கு நன்றி. செவ்வாய்க்கிழமை சந்தை நாளில்கூட என்னைப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார், கணக்கு நோட்டை வீட்டுக்கே கொடுத்துவிட்டார். நாலு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணி மோட்டாரை ஆறு மணிக்கு மாற்றிய மேல்வீட்டு அத்தைக்கு நன்றி. கோவைக்கு ஒவ்வொரு தடவையும் ரயிலில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டு, போகும்போதும் வரும்போதும் பேசாமல் உட்கார்ந்திருந்த என் தோழிக்கு நன்றி. நைட் வாட்ச்மேன் அண்ணாவுக்கு, காலையில் பேஸ்ட்டை எடுக்க வெந்நீர் பிடித்துக் கொடுத்த ஆயாம்மாவுக்கு, பஸ் பாஸ் முதல் சான்றிதழ் வரை அலைந்த அப்பாவுக்கு.

பள்ளிபாளையம் மாமாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது அவர் தறிப்பட்டறையை ஒட்டிய அறையில். இரவெல்லாம் தறி ஓடும். கரண்ட் போய் தறி நின்றால்தான் நான் விழித்துக்கொண்டு அழுவேனாம். ஈரோட்டுக்குக் குடிவந்த பிறகுதான் என் தூக்கம் போனது என்று பாட்டி சொல்வார். லேப் அறையின் நிசப்தத்தை நினைத்து நான் பயந்தபோது, மாமா நள்ளிரவில் போனைத் தறிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம் அப்படியே பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நடுவில் ஓரிடத்தில் அவர் இருமுகிறார். அந்த இருமலும் வேண்டும் எனக்கு, அதை வெட்டவில்லை. அக்கா அனுமதி கொடுத்தார். சத்தத்தைக் குறைவாக வைத்து, அதைக் கேட்டுக்கொண்டேதான் படுத்தேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஆட்டிசத்துக்குப் பெயர் சொல்லி இடம் கொடுத்திருக்கிறார்கள். அது வந்ததால்தான் என் கையில் சான்றிதழ் இருக்கிறது, மதிக்கிறேன். ஆனால் இரவு பத்து மணிக்கு, தலையில் ஒயர் ஒட்டும் நேரத்தில், என் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. டேப், பேஸ்ட், மெஷின் இரண்டு ஆஸ்பத்திரியிலும் ஒன்றுதான். ஒரு ஆஸ்பத்திரியில் நான் ஒத்துழைக்காதவள், இன்னொன்றில் 22 வரிக்கும் டிக் அடித்தவள். பேசத் தெரிந்த எனக்கே இந்த நிலை என்றால், பேச்சு வராத ஒரு பிள்ளை அந்தக் கட்டிலில் எப்படிப் படுக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன். அந்தப் பிள்ளையின் தாளிலும் அதே வரியைத்தானே எழுதுவார்கள்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். பத்து ஜிப் கவர் வாங்கி வைத்திருக்கிறேன். ஒதுக்கிய ஒயர்களைத் தர டாக்டர் சம்மதித்திருக்கிறார். பென்சில் தாளை நான் பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு படத்தோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படம் சுமாராகத்தான் வருகிறது, ஆனால் காலும் தாடையும் புரிகிறது. அதில் அக்காவின் பெயரை எழுத அனுமதி கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். பிள்ளைகளுக்கு ஸ்லீப் ஸ்டடி எழுதிக் கொடுத்திருக்கும் பெற்றோர் யாராவது கேட்டால் தருவேன். பத்தும் தீர்ந்தால் இன்னும் பத்து.

அக்கா, வரும் 9ஆம் தேதி எனக்கு ரிவ்யூ. பெல்ட்டைத் துவைத்து நிழலில் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன். கொண்டு வருகிறேன்.