புல்பென் நோட்டில் என்ன எழுத வேண்டும்

குட்டிம்மாவுக்கு,

கல்லூரி பேஸ்பால் அணியில் புல்பென் (மாற்றுப் பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள், காத்திருந்து கை சூடேற்றும் இடம்) நோட்டு எழுதும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாகச் சொன்னாய். யார் எத்தனை ஆட்டத்தில் இறங்கினார்கள் என்று குறித்தால் போதுமா என்று கேட்டாயே, போதாது.

ஆட்டக் கணக்கு ஆளை ஏமாற்றும். ஒரே பந்து போட்டுவிட்டுப் போனாலும் ஒன்று, மூன்று இன்னிங்ஸ் (ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்) போட்டாலும் ஒன்று. அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒரு சீசனில் அதிக ஆட்டம் இறங்கிய பிட்சர் மைக் மார்ஷல். 1974-ல் டாட்ஜர்ஸ் அணிக்காக 106 ஆட்டம், 208 1/3 இன்னிங்ஸ். நடுவில் தொடர்ந்து 13 ஆட்டம் வேறு! உடற்பயிற்சி உடலியலில் பிறகு டாக்டர் பட்டமே வாங்கிய மனுஷன்; அவரை யாருக்கும் அளவுகோலாக வைக்காதே. அடுத்த இடத்தில் பைரேட்ஸ் அணிக்காரர்கள் இருவர், ஆளுக்கு 94: கென்ட் டெகுல்வி 1979-ல் 134 1/3 இன்னிங்ஸ், சலோமோன் டோரஸ் 2006-ல் 93 1/3.

பெட்ரோ ஃபெலிசியானோவைத்தான் நீ கவனிக்க வேண்டும். 2010-ல் மெட்ஸ் அணிக்கு 92 ஆட்டம், இன்னிங்ஸோ வெறும் 62 2/3. சராசரி இரண்டே அவுட். இடதுகை பேட்டர் வந்தால் கூப்பிடுவார்கள், வேலை முடிந்ததும் உட்காரவைப்பார்கள். லேசான வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் புல்பென்னில் கை சூடேற்றியாக வேண்டும், பந்து வீசும் மேட்டில் ஏறியதும் மறுபடி சில பந்துகள். எழுந்து சூடேற்றிவிட்டு இறங்காமலே உட்கார்ந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. 2008, 2009, 2010 மூன்று வருடமும் சேர்த்து 266 ஆட்டம். பிறகு தோள் போனது. அடுத்த இரண்டு சீசன் மேஜர் லீகில் ஒரு பந்துகூடப் போடவில்லை.

அதனால் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. எத்தனை தடவை எழுந்தான், ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தில் எத்தனை பந்து, இறங்கினானா, ஆட்டத்தில் எத்தனை பந்து: இந்த நாலும் வேண்டும். மெதுவாகப் போடுகிற முதல் பத்துப் பன்னிரண்டைச் சேர்க்காதே. ஒரே நாளில் இரண்டு தடவை எழுப்பி உட்காரவைத்தால் பக்கத்தில் சிவப்பில் வட்டம் போடு. சூடான கை ஆறி, மறுபடி சூடேறுவது ஒரு இன்னிங்ஸ் போடுவதைவிட மோசம் என்பது என் கட்சி. கோச் மறந்துவிடுவதும் அதைத்தான்.

களைப்பு முதலில் வேகத்தில் தெரியாது. பந்தை விடும் இடம் கொஞ்சம் தாழும், முழங்கை தோளுக்குக் கீழே தொங்கும், ஸ்லைடர் (பக்கவாட்டில் வளைய வேண்டிய பந்து) வளையாமல் நடுவில் வந்து நிற்கும். கால் ஓய்ந்து கை தனியாக இழுக்கிறது என்று அர்த்தம். வேகம் மணிக்கு 3 மைல் குறைந்த பிறகு சொன்னால் தாமதம். இரண்டு நாள் தொடர்ந்து போட்டவன் பெயரை மூன்றாம் நாள் காலையிலேயே கோச்சிடம் சொல்லிவிடு. ஆட்டம் சூடுபிடித்த பிறகு உன் பேச்சு காதில் ஏறாது.

கையில் அழுத்தி எண்ணுகிற கவுன்டர் ஒன்று வாங்கிக்கொள். இரண்டு பேர் சேர்ந்து எழுந்தால் மனக்கணக்கு தவறும். பென்சிலில் எழுது, தூறல் விழுந்தால் மை கரைந்துவிடும்.

அன்புடன்,
அப்பா