படகு அப்புறம், தண்ணி முதல்ல

அன்பு மாப்ளைக்கு,

மூணு மாசமா பதில் போடாததுக்கு வையறதை நேர்ல வந்து வஞ்சுக்க. அம்மாயிக்கு முட்டிவலி தேவலைன்னு கேட்டதுல நிம்மதி.

ஏழாவது, எட்டாவது பிள்ளைக 24 பேரைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நம்ம துடுப்புப் படகு கிளப்புக்குக் கூட்டிட்டு வர்றேன்னு எழுதியிருந்தே. ரொம்பச் சந்தோசம். ஆனா "முதல் நாளே படகுல ஏத்திரு"ன்னு ஒரு வரி போட்டிருக்கே பாரு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. ஏத்த மாட்டேன்.

எல்லாம் கிணத்துல பழகுன பசங்க, பயமில்லைங்கறே. சுரைப்புருடை (காஞ்ச சுரைக்காய்க் குடுவை) கட்டிப் பழகுன நீச்சல் நல்ல நீச்சல்தான். ஆனா கிணத்துல பத்து கை போட்டா படி வந்துரும், அணையில வராது. படகுல ஏறோணும்னா டவுசர், பனியனோட 50 மீட்டர் நிக்காம நீந்தோணும். எதையும் பிடிக்காம ஒரே எடத்துல 2 நிமிசம் மிதக்கோணும். தண்ணிக்கடியில 5 மீட்டர் போகோணும். கவுந்த படகுக்கு அடியில மாட்டுனா வெளிய வர்றதுக்குத்தான் அந்தக் கடைசி. இதெல்லாம் தேறுனாலும் மிதவைச் சட்டை போட்டுத்தான் படகு. தேறாத பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே, கரையில இருக்கற துடுப்புப் போடற மெஷின்ல பழகட்டும். பொம்பளைப் பிள்ளைக நிறையப் பேரைக் கிணத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டாங்க. அவங்களுக்கு நீச்சல்குளத்துல தனியா ஏற்பாடு பண்ணு. நீச்சல் தெரியலைன்னு பட்டியல்ல இருந்து அடிச்சுறாதே மாப்ளே, இதை நான் விளையாட்டுக்குச் சொல்லலை.

மெஷின் பக்கவாட்டுல ஒரு நெம்புகோல் இருக்கும், 1-ல இருந்து 10 வரைக்கும். பசங்க வந்ததும் 10-க்குத் தள்ளுவாங்க, அதுதான் வீரம்னு. 3, 4 போதும். பாரத்தைக் கூட்டுனா காலு சும்மா இருக்கும், முதுகு போட்டு இழுக்கும். துடுப்புப் போடறது கை வேலைன்னு ஊரே நினைச்சிருக்கு. முதல்ல காலு தள்ளோணும், அப்புறம் முதுகு சாயோணும், கடைசியிலதான் கை. இழுத்து முடிச்சுத் திரும்பறப்ப கை, முதுகு, காலு. நிமிசத்துக்கு 18, 20 இழுப்புக்கு மேல வேண்டாம்.

அப்புறம் நாலு பேர் படகு. ரெண்டு பேர் இழுக்கறப்ப மத்த ரெண்டு பேர் அலகை, அதாவது துடுப்போட தட்டை நுனியை, தண்ணி மேல படுக்கப் போட்டுப் பிடிச்சிருக்கோணும், அப்பத்தான் ஆடாது. எந்தக் கை தாழுதோ அந்தப் பக்கம் படகு சாயும். அலகை நேரா நிறுத்தாம உள்ள விட்டா அடியில சொருகிக்கும். படகு போற வேகத்துல கைப்பிடி வயித்துல வந்து இடிக்கும். 'கிராப்'ங்கறது அதைத்தான். பரிசல் மாதிரி முன்னாடி பாத்து உக்கார முடியாது, படகு முதுகுப் பக்கமாத்தான் போகும். அஞ்சு இழுப்புக்கு ஒருக்கா திரும்பிப் பாக்கச் சொல்லிக் குடு.

முக்கியமானது இது. ஷூ படகோட சேந்தது. ஷூவோட குதிகாலைப் படகோட கட்டியிருக்கற கயிறு குட்டையா இருந்தாத்தான் கவுந்தப்ப காலு உருவிட்டு வரும். ஒவ்வொரு வாரமும் அதை நீயே தொட்டுப் பாரு. கவுந்தா படகை விட்டுப் போகவே கூடாது. படகு மிதக்கும், பிடிச்சிருந்தா மோட்டார் படகு வந்துரும். நீச்சல் நல்லாத் தெரிஞ்ச பையன்தான் நானே கரைக்குப் போயிர்றேன்னு கெளம்புவான், அவனைத்தான் நீ கண்ணுல வெச்சிருக்கோணும். கரையோரத்துல வேணும்னே கவுத்துப் பழக்கிட்டுத்தான் நடுவுக்கு விடுவேன்.

ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நம்மளைக் கேட்டுட்டு வராது. வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும், படகோட விளிம்பு தாழ்வு, அலை உள்ள அடிக்கும். அதனால காலையில 6-ல இருந்து 8 வரைக்குந்தான். பஸ் கிடைக்கலைன்னு 10 மணிக்குக் கொண்டாந்து எறக்காதே.

இதுல என்ன பிரயோசனம்னு உங்க ஹெட்மாஸ்டர் கேட்டா, 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டைச் சொல்லு. துடுப்புப் படகுல நம்ம நாட்டுக்கு முதல் தங்கம் வாங்குன பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தான்காரர். அங்க இருக்கற தண்ணிக்கு நம்ம பவானி எவ்வளவோ மேல்.

பெத்தவங்க கையெழுத்தோட வலிப்பு, ஆஸ்துமா இருக்குதான்னு எழுதி வாங்கிக்க. ஆளுக்கு ஒரு மாத்துத்துணி. ஒட்டடக்குச்சின்னு கூப்பிடுவோமே, அவனையும் கூட்டிட்டு வா, கரையில நின்னு தலை எண்ண ஒரு ஆள் வேணும்.

உன்
பங்காளி