தானாக ஓடும் காணொளியும் காதால் செய்தி படிக்கும் வாசகரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணையதளம் விரைவில் புதிய வடிவில் வெளிவரும் என்றும், இனி முக்கியச் செய்திகள் ஒவ்வொன்றோடும் ஒரு காணொளி இணைக்கப்படும் என்றும் சென்ற ஞாயிற்றுக்கிழமை அறிவித்திருந்தீர்கள். பதினான்கு ஆண்டுகளாக வலைச் செயலிகளை உருவாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையிலும், பார்வையிழந்த வாசகர் ஒருவரின் மகன் என்ற முறையிலும், அந்தக் காணொளிகளைப் பக்கத்தில் எப்படி வைக்கப் போகிறீர்கள் என்பது பற்றித் தங்களிடம் முறையிட விரும்புகிறேன். தளம் வெளிவந்த பிறகு மாற்றச் சொல்வது கடினம். ஆகவே இப்போதே எழுதுகிறேன்.

என் தந்தையார் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுகள் தங்கள் நாளிதழை அச்சில் படித்தவர். கண்நீர் அழுத்த நோயால் பார்வை முழுவதும் போன பிறகு, என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு கணினியில் செய்திகளைக் கேட்டு வருகிறார். பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய அந்த மென்பொருள், திரையில் உள்ள எழுத்தைத் தமிழிலேயே படித்துச் சொல்லும். சில மாதங்களுக்கு முன் வேறொரு செய்தித் தளத்தில் ஓய்வூதியம் தொடர்பான செய்தி ஒன்றைத் திறந்தார். தலைப்பைத் திரைவாசிப்பான் பாதி படித்து முடிப்பதற்குள் பக்கத்தின் நடுவே இருந்த காணொளி தானாக ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு குரல்களும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகின்றன. காணொளியை நிறுத்த வேண்டுமானால் நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய குரலோ செய்தி வாசிப்பவரின் குரலுக்குள் அமிழ்ந்துவிட்டது. டேப் விசையை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்று மட்டும் அவ்வப்போது காதில் விழுந்திருக்கிறது; எது எதற்கான பொத்தான் என்ற விவரம் இல்லை. கடைசியில் ஒலிபெருக்கியின் கம்பியையே பிடுங்கிவிட்டு, அன்று செய்தி கேட்காமல் எழுந்துவிட்டார்.

இது எவருக்கும் தெரியாத சிக்கலல்ல. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகளிலேயே, 3 நொடிக்கு மேல் தானாக ஒலிக்கும் எதையும் நிறுத்தவோ அதன் ஒலியைத் தனியே குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மூன்று படிநிலைகள் கொண்ட அந்த நெறிமுறைகளில் இது முதற்படியிலேயே இடம்பெற்றிருக்கிறது. அதாவது இதைக்கூடச் செய்யாத பக்கம் சிலருக்கு அறவே பயன்படாது என்று பொருள். நிறுத்தும் வழியைத் தேடி அலைய வைப்பதைவிட, வாசகர் அழுத்தும் வரை ஓடாமல் இருப்பதே சிறந்தது என்றும் அதன் விளக்கக் குறிப்புகள் கூறுகின்றன.

ஒலியோடு தானாக ஓடுவதை உலாவிகளே தடுத்துவிட்டனவே, இப்போது என்ன குறை என்று தங்கள் தொழில்நுட்பக் குழுவினர் கேட்கலாம். 2017இல் சஃபாரியும், 2018 ஏப்ரலில் குரோமும், 2019 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தடைக்கு விலக்குகள் உண்டு. குரோம் உலாவியில், ஒரு தளத்தின் முகப்பில் வாசகர் ஒரு தலைப்பைச் சொடுக்கி அதே தளத்தின் உள்பக்கத்துக்குச் சென்றால், அவர் அந்தத் தளத்தோடு ஊடாடிவிட்டார் என்று கொண்டு, அங்கே காணொளி ஒலியோடு ஓட அனுமதி கிடைத்துவிடுகிறது. செய்தித் தளத்தில் எல்லோரும் உள்ளே போவது இப்படித்தான். மேலும், எந்தத் தளத்தில் ஒருவர் அடிக்கடி காணொளி பார்க்கிறார் என்று கணினியில் இயங்கும் குரோம் கணக்கு வைக்கிறது. ஒலியோடு 7 நொடிக்கு மேல் ஓடினால் அதைப் பார்த்ததாகக் கொள்ளும். என் தந்தையார் நிறுத்த வழி தெரியாமல் தவித்த அந்த நேரமும் அவருடைய விருப்பமாகவே பதிவாகும். ஒரு தளத்துக்கு நாள்தோறும் வரும் வாசகருக்குத்தான் இந்தத் தொல்லை மிகுதியாக நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உலாவியின் தடையை நம்பி இருந்துவிட முடியாது. தானாக ஓடு என்ற சொல்லைத் தங்கள் நிரலில் எழுதாமல் இருப்பது ஒன்றே உறுதியான வழி.

ஒலியில்லாமல் தானாக ஓடவிடுவது பலரும் கண்டுபிடித்த நடுவழி. பார்வையுள்ளவர்களுக்கு அதுவும் செலவுதான். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் நான்கு நிமிடக் காணொளி 30 எம்பி பிடிக்கும். நானூறு சொற்கள் கொண்ட செய்தியோ, தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று கணக்கிட்டாலும், 15 கேபிக்குள் அடங்கிவிடும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் இருக்கும் ஒருவர் காலையில் பத்துச் செய்திகளைப் படிக்கும்போது, அவர் கேளாத பத்துக் காணொளிகளும் பின்னால் ஓடி முடிந்தால், அன்றைய ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தானாக ஓடவிடுவதை நீக்கிவிட்டு, முன்கூட்டியே எதையும் இறக்காதே என்று உலாவிக்குச் சொல்ல, காணொளிக்கான நிரல் வரியில் ‘பிரீலோட்’ என்ற பண்பில் ‘நன்’ என்று எழுதினால் போதும். பக்கத்தை நகர்த்தினாலும் விடாமல் மூலையில் வந்து ஒட்டிக்கொள்ளும் சிறிய பிளேயரையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதை மூடும் குறி விரல் நுனியைவிடச் சிறியதாக இருக்கிறது.

அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் என்னும் மென்பொருள் இருந்த காலத்தில், பக்கத்தில் காணொளி வைப்பதென்றால் வாசகர் தம் கணினியில் அதைத் தனியே நிறுவியிருக்க வேண்டும். 2007இல் ஓபரா நிறுவனத்தினர் முன்மொழிந்த ‘வீடியோ’ டேக்கும் (பக்கத்தின் நிரலில் எழுதும் குறி), அதன் துணையான ‘ஆடியோ’ டேக்கும், 2014இல் முறையான தரமான ஹெச்டிஎம்எல்5 என்னும் வலைப்பக்க மொழியில் இடம்பெற்று, அந்தத் தேவையை நீக்கிவிட்டன. இன்று ஒரு வரியில் பிளேயர் வந்துவிடுகிறது. அதில் உலாவியே தரும் இயக்கு, நிறுத்து, ஒலியளவு ஆகிய பொத்தான்கள் விசைப்பலகைக்கும் திரைவாசிப்பானுக்கும் கட்டுப்படுபவை. அழகுக்காக அவற்றை மறைத்துவிட்டு, படங்களைக் கொண்டு சொந்தப் பொத்தான்களைச் செய்யும்போதுதான் என் தந்தையார் கேட்ட பெயரில்லாப் பொத்தான்கள் பிறக்கின்றன. பின்னர் அந்தப் பக்கத்தின் நிரலைப் பார்த்தேன். ஐந்து பொத்தான்களில் ஒன்றுக்கும் பெயர் எழுதப்படவில்லை. சொந்தப் பிளேயர்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு பொத்தானுக்கும் தமிழில் பெயர் கொடுங்கள். எலியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அணுகல்தன்மையையே நோக்கமாகக் கொண்டு உருவான ஏபிள் பிளேயர் போன்ற திறந்த மூல மென்பொருள்களும் இருக்கின்றன.

காணொளிகளை யூடியூபில் ஏற்றி அங்கிருந்து உட்பொதிக்கப் போகிறீர்கள் என்றே நினைக்கிறேன். கோப்புகளை வைத்து அனுப்பும் வழங்கிக் கணினியின் (சர்வர்) செலவு மிச்சம் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அப்படி அவர்களின் பிளேயரை நம் பக்கத்தில் காட்டும் சட்டகம், வாசகர் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே பல நூறு கேபி நிரலை இறக்கிக்கொள்கிறது. ஒரு நிலைப்படத்தையும் பொத்தானையும் மட்டும் முதலில் காட்டி, அழுத்திய பிறகே பிளேயரை வரவழைப்பது இதற்கு எளிய தீர்வு. வாசகர் எந்தச் செய்தியைத் திறந்தார் என்ற தகவல் மூன்றாமவருக்குத் தேவையின்றிப் போகாமல் இருக்கவும் அது உதவும். ஜெர்மனியின் ஆடை விற்பனைத் தளம் ஒன்று வைத்திருந்த ஃபேஸ்புக் பொத்தான் பற்றிய வழக்கில், அதன் வழியாகத் தகவல் திரட்டப்பட்டு அனுப்பப்படுவதற்குத் தளத்தின் உரிமையாளரும் கூட்டுப் பொறுப்பாளி என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அந்தத் தீர்ப்பு செல்லாதுதான். ஆனாலும் பிறருடைய பிளேயரை நம் பக்கத்தில் வைப்பது நாம் எடுக்கும் முடிவு என்பதை அது தெளிவாக்குகிறது. அந்தச் சட்டகத்துக்கு ‘டைட்டில்’ என்ற பண்பில் பெயர் எழுத மறக்க வேண்டாம். இல்லையென்றால் திரைவாசிப்பானால் அது என்ன காணொளி என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாளிதழ் என்பது ஆவணம். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அது இயங்காமலே செய்துவிட்டது. அதற்குமுன் ஃபிளாஷில் மட்டும் வெளியிட்டு மாற்றாமல் விட்ட காணொளிகளுக்குப் பதிலாகப் பழைய பக்கங்களில் இன்று வெற்றுப் பெட்டிகள்தான் இருக்கின்றன. பிறருடைய தளத்தில் ஏற்றியவற்றுக்கும் இதே கதி நேரலாம். ஆகவே ஒவ்வொரு காணொளிக்கும் மூலப் பிரதி ஒன்றைத் தங்கள் வசம் வைத்திருங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைக் கீழே எழுத்திலும் தாருங்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது காது கேளாத வாசகர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பேச்சை எழுத்தாகக் காட்டும் வசன வரிகள் மேற்சொன்ன நெறிமுறைகளில் முதற்படித் தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவும், மின்னணு ஊடகங்களில் வசன வரிகளும் சைகை மொழியும் ஒலி விவரிப்பும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறியிருக்கிறது. பல தளங்களில் எழுத்தைப் படத்தோடு படமாகவே பதித்துவிடுகிறார்கள். அதைப் பெரிதாக்க முடியாது, அணைக்க முடியாது, தேடவும் முடியாது. வெப்விடிடி என்ற தனிக் கோப்பாக எழுதி, ‘டிராக்’ டேக்கில் மொழி தமிழ் என்று குறித்து இணைத்தால் இவை மூன்றும் முடியும். தானியங்கி முறையில் உருவாகும் தமிழ் வரிகள் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் சிதைத்துவிடுகின்றன. செய்தியில் பிழைபடவே கூடாதவை அவைதான். ஆனால் செய்தி வாசிப்பவர் கையில் ஏற்கெனவே எழுதிய பிரதி இருக்கும் அல்லவா? அதை வரிவரியாகப் பிரித்து நேரம் குறிப்பதுதான் எஞ்சிய வேலை. உதவி ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடியது.

ஒலிப்பதிவைத் தங்கள் அறிவிப்பில் காணாதது எனக்கு ஏமாற்றமே. நொடிக்கு 48 கிலோபிட் வீதத்தில் நான்கு நிமிடப் பேச்சு ஒன்றரை எம்பிக்குள் முடிந்துவிடும். பேருந்தில் போகிறவருக்கும், சமையலறையில் நிற்பவருக்கும், கண் களைத்த முதியவருக்கும் காணொளியைவிட அது மிகவும் உகந்தது. வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக ஒலிப்பாடங்கள் கொண்ட செயலி ஒன்றை நான் உருவாக்கியபோது, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒலித்த பாடங்கள் ஐஃபோன்களில் ஒலிக்கவே இல்லை. இரண்டு நாள் கோப்புகளையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும் வசதி வழங்கியில் இல்லாததுதான் காரணம். அதாவது 206 என்ற எண்ணோடு வர வேண்டிய பதில் வரவில்லை. சஃபாரி அதை எதிர்பார்க்கிறது. பாதியில் விட்ட இடத்திலிருந்து கேட்பதற்கும் முன்னே நகர்த்துவதற்கும் அந்த வசதியே அடிப்படை. அந்த இரண்டு நாட்களில் பாடம் கேட்க முடியாமல் போனவர்களில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

புதிய தளத்தின் சோதனைப் பதிப்பு உருவானதும், பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன், திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கும் வாசகர்கள் சிலரிடமும் காது கேளாத வாசகர்கள் சிலரிடமும் அதைக் கொடுத்து, ஒரு காணொளியை இயக்கி நிறுத்திக் காட்டும்படி கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடங்களைத் தங்கள் குழுவினர் அருகிலிருந்து பார்க்க வேண்டும். என் தந்தையார் இதற்கு மனமுவந்து வருவார். காலை ஆறு மணிக்கெல்லாம் கணினியின் முன் அமர்ந்துவிடுபவர் அவர்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
வலைச் செயலி உருவாக்குநர்,
மதுரை.