நெரூடாவின் வெள்ளவத்தை: விட்டுப்போன பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரில் கவிஞர் பப்லோ நெரூடாவின் கொழும்பு வாழ்க்கையைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாக இங்கு வந்தது, வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு பங்களாவில் தனியாக இருந்தது, ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் நட்பு, வளர்த்த கீரி என்று எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. கட்டுரையாளர் பயன்படுத்திய அதே சுயசரிதையில், அதே வெள்ளவத்தை அத்தியாயத்தில், நெரூடா தன் கையாலேயே எழுதி வைத்தது அது.

அந்த வீட்டின் கக்கூசு வாளிக் கக்கூசு. வாளி தினமும் எப்படிச் சுத்தமாகிறது என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் விடியலில் எழுந்து பார்த்தபோது, வீட்டின் பின்புறமாக ஒரு பெண் வந்து அதைத் தூக்கிச் செல்வதைக் கண்டிருக்கிறார். தமிழ்ப் பெண், ‘பறையர்’ சாதி என்கிறார். மலிவான துணியில் சிவப்பும் பொன்னிறமுமான சேலை, வெறுங்கால். அவளுடைய அழகை வர்ணிக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தார், அவள் திரும்பவில்லை. பழமும் பட்டும் அவள் வழியில் வைத்தார், அவள் எடுக்கவில்லை. பிறகு ஒரு காலையில் மணிக்கட்டை இறுகப் பற்றி அறைக்குள் கொண்டுபோனார். கடைசிவரை அவள் கண்களைத் திறந்தபடியே சிலைபோலக் கிடந்தாள் என்றும், தன்னை அவள் இகழ்ந்தது சரியே என்றும் எழுதியிருக்கிறார்.

இதற்குப் பெயர் வன்புணர்ச்சி. தங்கள் கட்டுரையோ அவருடைய ஆசிய ஆண்டுகளை ‘காதல்களின் காலம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது.

அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். ஒப்புக்கொண்டார், உண்மை. நடந்து நாற்பது வருடங்களுக்கு மேல் கழிந்து, நோபல் பரிசும் (1971) வாங்கி, அவர் இறந்த மறுவருடம் 1974இல் நூல் வெளிவந்தது. அதில் வேலைக்காரப் பையனுக்குப் பெயர் உண்டு, கீரிக்கும் பெயர் உண்டு. இவளுக்கு இல்லை. எங்கே இருந்தாள், பிறகு என்ன ஆனாள் என்று கேட்க அன்று யாருமில்லை. கொழும்பின் துப்புரவு வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த காலம் அது. ஒரு வெள்ளைக்காரத் துரையின் மேல் அப்படியொரு பெண் எங்கே போய் முறையிட்டிருப்பாள்?

சிலியில் இதைப் பேசிவிட்டார்கள். 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரை வைக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஆதரவு தெரிவித்தபோது, பெண்கள் அமைப்புகள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தன. நோயுற்ற மகள் மால்வா மரினாவை அவர் கைவிட்டதும் அப்போது பேசப்பட்டது. விமான நிலையத்துக்கு அந்தப் பெயர் வரவில்லை. அவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் நம் ஊர்ப் பெண் ஒருத்திக்காகப் பேசும்போது, கொழும்பில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகை அவளை விட்டுவிட்டு எழுதுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் கவிதைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்று நின்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1939இல் ‘வினிபெக்’ கப்பலில் சிலிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவரும் இதே மனிதர்தான். அதைத் தங்கள் கட்டுரை ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. கீரியைவிட அது பெரிய விஷயம்.

அவர் வசித்த இடத்தில் நினைவுப் பலகை வைக்கலாம் என்று கட்டுரை முடிகிறது. வைக்கட்டும். அதில் இந்தப் பெண்ணைப் பற்றியும் இரண்டு வரி இருக்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். அடுத்த ஞாயிறு வரவிருக்கும் இரண்டாம் பகுதியில் அந்தப் பக்கத்தைச் சுருக்காமல் மொழிபெயர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.