கினோசாகியிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

"குளிப்பதற்கா அவ்வளவு தூரம் போனாய்?" என்று போனில் சிரித்தாயே, ஆமாம், குளிப்பதற்குத்தான். இரண்டு நாளில் ஆறு முறை.

கினோசாகி, ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர்; கியோட்டோவிலிருந்து இரண்டரை மணி நேர ரயில். 1925 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து, மறுபடி எழுந்த ஊர் இது. ரயில் நிலையம்தான் வாசல், தெருக்கள் தாழ்வாரம், தங்கும் விடுதிகள் அறைகள், பொதுக் குளியல் கூடங்கள் குளியலறை. ஊரே ஒரே விடுதி என்கிறார்கள் இங்கே. அதனால் மாலையானதும் எல்லோரும் யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்பும் அணிந்து, வாய்க்கால் ஓரம் டக் டக்கென்று நடக்கிறார்கள். கூச்சப்பட ஆளே இல்லை.

கூச்சம் உள்ளே போனதும் வந்தது. பெண்களுக்குத் தனி இடம்தான்; ஆனால் உடம்பில் ஒரு நூல்கூட இருக்கக்கூடாது. குட்டி முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சும்மா அமிழ்ந்திருக்க. துண்டும் தண்ணீரில் படக்கூடாது; பாட்டிமார் அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு கண்மூடி இருந்தார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் நானும் துண்டைத் தலையில் ஏற்றிவிட்டேன்.

கோனோயு என்ற கூடத்துக்கு ஒரு கதை உண்டு. காலில் அடிபட்ட நாரை ஒன்று அந்த ஊற்றில் நின்று குணமானதாம். உன் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. கதையை நம்பச் சொல்லவில்லை. ஆனால் வெந்நீரில் இருந்த பின் என் இடுப்பு வலி இரவு முழுக்க வாய் திறக்கவில்லை.

ஒரு தவறும் செய்தேன். யுகாத்தாவின் வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டியிருந்தேன். பணிப்பெண் ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து, இடப்பக்கம் மேலே வரும்படி கட்டிவிட்டார். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்காம்! நான் குளித்துத் திரும்புவதற்குள் பாயில் படுக்கையும் விரித்திருந்தார். நாற்பது வருடமாக எல்லோருக்கும் படுக்கை விரிக்கிறவள் நீ. உனக்கு ஒருவர் விரித்துப் பார்க்க வேண்டும் எனக்கு.

நவம்பரில் நண்டுக் காலம் தொடங்கினால் வாடகை ஏறிவிடும், அதற்குமுன் வா. சூப்பில்கூட மீன் சாறு இருக்கும், நீ சைவம் என்று முன்பதிவின்போதே நான் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதா என்று மட்டும் இன்றே பார்.

உன் தங்கை