சோலார் போடுவதற்கு முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதை விடு, வீட்டுக் கூரையில் சோலார் பலகை போடும் விஷயத்துக்கு வருகிறேன்.

"எங்களுக்கு வெயிலுக்கா பஞ்சம், போட்டால் லாபம்தானே" என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. ஜெர்மனியில் ஒரு கிலோவாட் பலகை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 யூனிட் தருவதே பெரிது; நல்ல வெயில் காயும் நாடுகளில் அதுவே 1,400, 1,500 தரும். ஆனாலும் ஜெர்மனியில் லட்சக்கணக்கான கூரைகளில் பலகை ஏறியது. 2000இல் வந்த சட்டம், கிரிடுக்கு, அதாவது ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுவரும் பொதுக் கம்பி வலைக்கு, அனுப்பும் யூனிட்டுக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை தந்ததுதான் காரணம்.

ஆகவே நீ பார்க்க வேண்டியது இரண்டு விலைகளை. உன் கூரையில் விளைந்த யூனிட்டை நீயே செலவழித்தால் மின் கட்டணத்தில் மிச்சமாவது ஒன்று. வெளியே அனுப்பினால் கையில் வருவது மற்றொன்று. நெட் மீட்டரிங், அதாவது நீ அனுப்பிய யூனிட்டை நீ வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளும் முறை, உள்ள இடத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், கிரிடே உனக்கு இலவச பேட்டரி. அந்தச் சலுகை எல்லா இடத்திலும் நிலைப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, அனுப்பும் யூனிட்டின் மதிப்பு சராசரியாக முன்பிருந்ததில் கால் பங்காகிவிட்டது. பேட்டரி இல்லாமல் அங்கே இப்போது கணக்கு இடிக்கிறது.

மின் நிறுவனங்களைத் திட்டத் தோன்றும், ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் சில நண்பகல்களில் கூரை மின்சாரமே மாநிலத்தின் மொத்தத் தேவையை எட்டிவிடுகிறது. எல்லோரிடமும் ஒரே நேரத்தில் குவியும் சரக்குக்கு யார் விலை கொடுப்பார்கள்? விளக்கேற்றும் நேரத்தில் கேட்டால் பலகையிடம் பதில் இல்லை.

உங்கள் பகுதியில் படிநிலைக் கட்டணம், அதாவது செலவழிக்கும் யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் முறை, என்றால் இன்னொன்றையும் கவனி. பலகை முதலில் குறைப்பது உன் கடைசிப் படியின் விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான். அது வரைக்கும் நல்ல லாபம். அளவைக் கூட்டக் கூட்ட, கீழ்ப் படிகளின் மானிய விலை யூனிட்டுகளைத்தான் மிச்சம் பிடிப்பாய், போட்ட பணம் திரும்ப வெகுகாலமாகும். கூரை முழுக்கப் போடச் சொல்லும் விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்றும் அவர் பார்க்கமாட்டார்; பல அமைப்புகளில் ஒரு பலகையில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதின் உற்பத்தியையும் கீழே இழுத்துவிடும்.

மின்வெட்டுக்கு உதவும் என்று நம்பி வாங்காதே. உன் பலகையின் மின்சாரம் கம்பியில் பாய்ந்து அங்கே வேலை செய்பவரின் உயிரைப் பறிக்காதிருக்க, கிரிட் நின்றதும் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் (பலகையின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) நின்றுவிடும், உச்சி வெயிலில்கூட.

கடந்த ஓராண்டின் மின் ரசீதுகளை அனுப்பு. துணி துவைப்பது, மோட்டார் போடுவது எல்லாம் பகலிலா இரவிலா என்றும் எழுது. பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், நெட் மீட்டரிங்கும் இல்லை என்றால், நீ நினைத்ததில் பாதி அளவே போதும் என்றுதான் சொல்வேன்.

அன்புடன்,
உன் நண்பன்